பதினேழாம் எண் மண்

"இந்தப் பதினேழாம் நம்பர் மண்ண எங்கருந்து எடுத்த கண்ணகி?"

புயல் ஓய்ந்த நான்காம் நாள் கோகிலவாணி இப்படிக் கேட்டாள். அன்று காலையில்தான் கரண்ட் வந்திருந்தது. கண்ணகி லேப் தரையில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்ட குரலில் சந்தேகம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காய் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்பது மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கண்ணகியின் கை, பிழிந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டது.

"மலையிலதான்க்கா. நீங்க செவப்பு ரிப்பன் கட்டி வச்சிருந்த எடத்துலதான்."

"ரிப்பன் இருந்திச்சா அப்ப?"

"இருந்திச்சு."

சொல்லிவிட்டுக் குனிந்து தரையைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பதினேழாம் எண் பையில் இருந்தது கல்வராயன் மலை மண்ணே இல்லை. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், அவள் பிறந்த ஊர் ஏரிக்கரையில், அவள் மகளைப் புதைத்த இடத்து மண் அது.

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதன் நுண்ணுயிரியல் துறையில் கண்ணகி உதவியாளராகச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, ஆட்டோகிளேவில் வைத்து ஆவியில் வேகவிடுவது, ஆறியதும் அடுக்குவது, மார்க்கரால் எண் போடுவது எல்லாம் அவள் வேலை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எண் போடும் வேலையைக் கோகிலவாணிதான் கொடுத்தாள்.

கோகிலவாணி ஆராய்ச்சி மாணவி. தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பம். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதல் நாளே, "மேடம் கீடம்லாம் வேணாம், அக்கான்னு கூப்பிடு. மேடம்னு கூப்பிட்டா எனுக்கே திரும்பிப் பாக்கத் தோணுது, யாரு வந்துகினு இருக்காங்கன்னு" என்று சொல்லிச் சிரித்தவள்.

அவளுடைய ஆராய்ச்சி மண்ணில் இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் கோடி உயிர்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று மற்றொன்றை அண்டவிடாமல் இருக்க எதையோ கக்குகிறது. அந்தக் கக்கலில் சிலது மனிதனுக்கு மருந்து. இப்படித்தான் கண்ணகிக்கு அவள் சொல்லி விளக்கினாள். வேகமாக வளரும் பாக்டீரியாக்களை எல்லாம் உலகம் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டதாம். யார் கண்ணிலும் படாமல் கிடப்பவை மெதுவாக வளர்கிறவைதானாம். மண்ணைக் கரைத்து ஊற்றிய தட்டை மற்றவர்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று தூக்கிப் போடுவார்கள்; அவள் நாற்பது நாள் வைத்திருப்பாள். தட்டுகளை இதமான சூட்டில் வைக்கும் இன்குபேட்டரில் இடமே இருக்காது.

"இன்னா கோகிலா, ஆஸ்டல் நடத்திகினு இருக்கியா? காலி பண்ணச் சொல்லு உன் ஆளுங்கள" என்பார் அவளுடைய கைடு தீனதயாளன்.

"எழுந்திரிக்க நேரமாவும் சார். சோம்பேறிங்க."

லேப்பில் சேர்ந்த முதல் வாரம் கண்ணகி ஒரு சோதனைக் குழாயைக் கையில் எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். கிளெப்சியெல்லா. குழாயைக் கீழே போட்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து, அதன் இடத்தில் திரும்ப வைத்தாள்.

"இது இன்னாக்கா?"

"அதுவா, ஆஸ்பத்திரிக் கிருமி. எந்த மருந்துக்கும் அசையாத சாதி. அத எதுனா ஒண்ணு அசைக்குதான்னு பாக்கத்தான் நாம இவ்ளோ பாடு படறோம். கை கழுவிக்க, நல்லா சோப்பு போட்டு."

கண்ணகி கை கழுவினாள். 

அந்தப் பெயரை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். தலைப் பிரசவத்துக்கு அம்மா குஞ்சம்மாள் வீட்டுக்கு வந்திருந்தபோது பிறந்த பெண் குழந்தை. பதினைந்தாம் நாள் காய்ச்சல் வந்தது, பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஏற்றினார்கள், பிறகு வேறொன்று, பிறகு இன்னொன்று. எதற்கும் கட்டுப்படவில்லை என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். பத்தொன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. தாய்வீட்டில் இருந்தபோது நடந்தது என்பதால் அந்த ஊரிலேயே, ஏரிக்கரை மேட்டில் கருவேல மரத்தடியில் புதைத்தார்கள். நாய் தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டு, தலைமாட்டில் ஒரு கல்லை நட்டார் தாய்மாமன். முப்பதாம் நாள் பெயர் வைக்கலாம் என்று இருந்ததால் குழந்தைக்குப் பெயர் இல்லை. நான்கு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது என்று புருஷன் தனசேகரன் போய் வாங்கி வந்தான். அந்தத் தாளில்தான் அந்தப் பெயர் இருந்தது.

புகுந்த வீட்டில் குழந்தையைப் பற்றிய பேச்சு ஒரு மாதத்தில் நின்றுபோயிற்று. வயசு இருக்குது, இன்னொன்னு பொறக்கும் என்றார்கள். கண்ணகியும் எடுப்பதில்லை. லேப்பில் யாருக்கும் தெரியாது. அந்தக் கிருமியைத் தினமும் புதுத் தட்டுக்கு மாற்றி, சூடு பார்த்து வைத்து, வளர்ந்திருக்கிறதா என்று காலையில் முதலில் பார்ப்பதும் அவள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அவள் சேர்ந்த வருஷம் தை மாதம். மழைக்காலம் முடிந்ததும் மலை மண் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. கோடையில் கோகிலவாணியே ஏறி, இருபது இடங்களைக் குறித்து, மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்திருந்தாள். அதே இருபது இடத்திலும் மறுபடி எடுத்துக்கொண்டு வரும்போது, பதினாறு முடிந்த அன்று அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மிச்சம் நான்கையும் கண்ணகி போய் எடுத்து வரட்டும் என்று அனுப்பினாள். சருகை ஒதுக்கு, ஒரு சாண் ஆழம் தோண்டு, கையால் தொடாதே, கரண்டியால் அள்ளு, பையை உடனே மூடு. கண்ணகிக்கு எல்லாம் மனப்பாடம்.

அனுப்பிய நாள், குழந்தை போய் சரியாக ஒரு வருஷம் ஆன நாள்.

வேறு நாளாக இருக்கக்கூடாதா என்று கேட்டிருக்கலாம். காய்ச்சலில் படுத்திருப்பவளிடம் காரணம் சொல்ல வேண்டும்; காரணத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விடியற்காலை வெள்ளிமலை பஸ் ஏறினாள். இருபது, பத்தொன்பது, பதினெட்டு மூன்றையும் மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டாள். பதினேழுக்கு ஓடையைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். போனால் பொழுது சாய்வதற்குள் ஏரிக்கு வந்து சேர முடியாது. பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

ஏரிக்கரை மேட்டில், மழைக்குக் குழந்தையின் தலைமாட்டுக் கல் சாய்ந்திருந்தது. பையில் இருந்த கரண்டியால் சுற்றிலும் தோண்டி நிமிர்த்தி நட்டாள். புது முள் வெட்டி வைத்தாள். தோண்டிய மண் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது. எண் போட்ட பை ஒன்று காலியாக இருந்தது.

பதினெட்டாம் இடத்து மண்ணையே இரண்டு பையிலும் போட்டிருந்தால் கோகிலவாணி ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு தட்டிலும் ஒரே பூஞ்சை, ஒரே நிறம் என்று வந்து நிற்கும். அது கண்ணகிக்குத் தெரியும். வேறு மண்தான் வேண்டும். அப்படித்தான் அன்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளாத இன்னொன்றும் இருந்தது. இந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யாருமே கேட்காத இடம் அது.

கால்மாட்டு மண்ணைக் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு மூடினாள்.

முப்பத்தோராம் நாள் பதினேழாம் தட்டில் வெள்ளைப் பொடி தூவியது போல ஒன்று வளர்ந்தது. கடுகைவிடச் சிறியது. கோகிலவாணி அதைப் பிரித்து வளர்த்து, கிளெப்சியெல்லா பரப்பிய தட்டின் நடுவில் வைத்தாள். மறுநாள் காலை கண்ணகிதான் முதலில் இன்குபேட்டரைத் திறந்தாள். கிருமி தட்டு முழுக்க மூடுபனி மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுத்தமான வட்டம். அதற்குள் அந்த வெள்ளைப் பொடியைத் தவிர எதுவுமே இல்லை. தட்டின் அடியில் வைத்த விரல் தெரிந்தது.

கோகிலவாணி ஓடி வந்து பார்த்தவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். தீனதயாளன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா கோகிலா, உன் சோம்பேறி எழுந்துட்டான் போலருக்கே."

"சார், எங்கம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா?"

"இன்னான்னு சொல்லுவ? மண்ணுல ஒரு பூச்சி கெடச்சிடுச்சுன்னா? கல்யாணத்துக்கு மாப்ள கெடச்சான்னு நெனச்சிக்கப் போறாங்க."

லேப்பே சிரித்தது. கண்ணகி கழுவு தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அந்த வட்டத்தைப் பார்த்த கணத்தில் அவளுக்கு ஏற்பட்டதை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் முந்தி எங்கே போயிருந்தாய் என்றுதான் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓடியது.

அந்த வட்டத்தை உண்டாக்கும் பொருள் என்ன, அது உலகத்துக்குப் புதியதா, பழையதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பாக்டீரியாவை நிறைய வளர்த்து, சாறெடுத்து, வெளியூர் பெரிய லேப்புக்கு அனுப்ப வேண்டும். கோகிலவாணி வளர்த்தாள். ஆனால் தட்டு மாற்ற மாற்ற, மாதம் ஆக ஆக, வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. சில நுண்ணுயிர்கள் அப்படித்தானாம். மண்ணை விட்டுச் சுகமான இடத்துக்கு வந்து, சண்டை போட ஆளும் இல்லாதபோது, ஆயுதத்தைச் செய்ய மறந்துவிடுகின்றன. ஆரம்பத்தில் பிரித்ததை ஆறு குப்பிகளில் அடைத்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். அந்த ஆறு இருக்கும்வரை கவலை இல்லை என்றாள். கார்த்திகையில் புயல் வந்தது. நான்கு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரச் சாலை இல்லை. ஆறில் இரண்டுதான் பிழைத்தன. அந்த இரண்டும் நன்றாக வளர்ந்தன. வட்டம் மட்டும் வரவில்லை.

"மறந்துபோச்சு" என்றாள் கோகிலவாணி. "ஆளு கீது, அதுக்கு வேல மறந்துபோச்சு."

பதினேழாம் பையில் மண்ணும் மிச்சமில்லை. இனி அதே இடத்துக்குப் போய் அதே மண்ணிலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றுதான் வழி. அவளுக்கு உதவித்தொகை வைகாசியோடு முடிகிறது. அதற்குள் கிடைத்தால் பட்டம், மருந்து, பேர் எல்லாம். கிடைக்காவிட்டால் ஐந்து வருஷமும் வீண். ஃப்ரீசர் கரைந்து கிடந்ததைப் பார்த்த அன்றே, இப்படி ஆகலாம் என்று பயந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள்.

மார்கழியில் இருவரும் மலை ஏறினார்கள். எந்த இடம் என்று காட்ட வேண்டியவள் கண்ணகி. அதுவரை மிதித்தே இராத பாதையில், மரங்களில் ரிப்பனைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தாள். கோகிலவாணி ஓடையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, கண்ணகி கொடுத்த கையைப் பிடித்து எழுந்து, "ஒண்ணும் இல்ல, நட" என்றாள். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ தூரம்?"

"மண்ணு எடுக்க."

"மண்ணுக்கா? கீழ மண்ணே இல்லியா உங்க ஊர்ல?"

கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணகி திரும்பாமல் நடையை எட்டிப் போட்டாள்.

ரிப்பன் வெளுத்துப்போய் மரத்தில் இருந்தது. கோகிலவாணி அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"எந்தப் பக்கம் தோண்டுன? சரியா காட்டு."

கண்ணகி இரண்டு வேர்களுக்கு நடுவே கையைக் காட்டினாள்.

"இங்கதான்க்கா."

கோகிலவாணி அங்கே மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை கரண்டியோடு நிற்கவில்லை. சின்னக் கடப்பாறை கொண்டு வந்திருந்தாள். ஒரு சாணில் ஒன்று, ஒரு முழத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று என்று சுற்றிலும் தோண்டித் தோண்டிப் பதினைந்து பை எடுத்தாள். கிளறிப் போட்ட மண் குவியலாகக் கிடந்தது. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான், எது வந்தாலும் ஏரிக்கரையைச் சொல்லிவிடக்கூடாது என்று கண்ணகி முடிவு செய்தாள். அதுவரை வேலை போய்விடும் என்று பயந்திருந்தாள். அதன் பிறகு பயம் வேறு. சொன்னால் இந்தக் கடப்பாறை அங்கே இறங்கும்.

நான்கு தடவை ஏறினார்கள். அறுபது பை. அறுபதுக்கும் கண்ணகி எண் போட்டாள். தட்டு ஊற்றினாள். நாற்பது நாள் காத்திருந்தாள். ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே காலையில் கோகிலவாணியோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள்.

தை மாதம் குழந்தையின் நாள் வந்தது. மலைக்குப் போகும் பஸ் அவள் ஊர் வழியாகத்தான் போகும். கோகிலவாணி எந்த நாளில் அந்த பஸ்ஸில் வருவாள் என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையில் தன்னைப் பார்த்துவிட்டால்? கண்ணகி போகவில்லை. குஞ்சம்மாள் போனில் கேட்டாள்.

"வர்லியா? புயல்ல முள்ளு கிள்ளு பூடுச்சா இன்னான்னு போய்ப் பாக்கணும்டி. எனுக்கு முட்டி ஒத்துழைக்கல."

"அப்புறம் வர்றேம்மா. வேல கீது."

அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்று பங்குனி போயிற்று. சித்திரையில் அவளே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றாள். அம்மா சட்டென்று, "இப்ப வேணாம், வெயிலு ஜாஸ்தி. ஆடியில வந்துக்கலாம்" என்றாள். இவளும் சரி என்றுவிட்டாள்.

வைகாசியில் கோகிலவாணியின் வேலையைப் பரிசீலிக்க வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கதவு பாதி திறந்திருந்தது. கண்ணகி டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் வட்டத்தின் போட்டோவைக் கையில் வைத்திருந்தார்.

"மறுபடி காட்ட முடியலன்னா, முதல் தடவ இருந்திச்சுன்னு எப்படிம்மா நம்பறது? நடுவுல ஒரு சொட்டு மருந்து விட்டாலும் இந்த வட்டம் வரும்."

"சார், நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"நான் உங்களச் சொல்லல. பொதுவா சொல்றேன்."

தீனதயாளன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் கோகிலவாணி ஸ்டூலிலேயே இருந்தாள். கொண்டுவந்த சாப்பாடு திறக்கப்படவில்லை.

"பொய் சொல்றேன்னு சொல்லிட்டுப் போறாங்க கண்ணகி. கரும்பு வெட்டறவங்க வூட்டுப் பொண்ணு, எதுனா பண்ணிப் பட்டம் வாங்கணும்னு பாக்குதுன்னு நெனச்சிக்கினாரு போல."

கண்ணகி கையில் இருந்த தட்டுகளை மேசையில் வைத்தாள்.

"அக்கா, அது மலை மண்ணு இல்ல."

"எது?"

"பதினேழு. எங்க ஊரு ஏரிக்கரை மண்ணு அது. அன்னிக்கு நான் ஓடையத் தாண்டவே இல்ல."

கோகிலவாணி அவளையே பார்த்தாள். 

"அறுவது பை" என்றாள் மெல்ல. "அறுவதுக்கும் உன் கையாலதான நம்பர் போட்ட? நான் ஓடையில உழுந்தப்பகூட கையக் குடுத்துத் தூக்கிவுட்டியேடி."

கண்ணகி தலை குனிந்தாள்.

"ஏன் அங்க போன?"

"அன்னிக்குப் போவ வேண்டி இருந்திச்சுக்கா."

"இன்னா வேண்டி இருந்திச்சு?"

 அக்கா அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று கண்ணகி நின்றாள். கோகிலவாணி எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அப்போ அந்த மண்ணு கீது. இல்லாத எடத்துல தேடிகினு இருந்தோம், அவ்ளோதான? காலையில மொத பஸ்ஸு. மண்ணு மட்டும் கையில வரட்டும், சார் கால்ல உழுந்தாவது மூணு மாசம் வாங்கிடுவேன்."

பஸ்ஸில் கோகிலவாணி வெள்ளரிப் பிஞ்சு வாங்கிப் பாதியை இவளிடம் நீட்டினாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. காலடியில் பையில் கடப்பாறை பஸ் ஆடும்போதெல்லாம் இடித்தது. கண்ணகி வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டு வந்தாள். கால்மாட்டுப் பக்கம் மட்டும் எடுங்கக்கா. கரண்டியால எடுங்க. நானே எடுத்துத் தர்றேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குத் தெரியட்டும். அது ஒருவிதத்தில் நல்லதுதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஏரி வறண்டு கிடந்தது. ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் கண்ணகி நின்றாள். வழி தப்பிவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தாள். கோயில் அங்கேதான் இருந்தது. மதகு அங்கேதான் இருந்தது. கருவேல மரங்கள் நின்ற மேட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருந்தது. பள்ளத்தின் அடியில் டிராக்டர் சக்கரத் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன.

கரையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் நாராயணசாமி.

"யாரு, குஞ்சம்மா பொண்ணா? டவுன்ல கீறதா சொன்னாங்க."

"இங்க இருந்த மேடு எங்க, மாமா?"

"வண்டல் எடுக்க உத்தரவு வந்திச்சும்மா, சித்திரையில. கழனிக்கு அடிச்சிக்கினோம். மேட்டு மண்ணு நல்லா கருப்பா இருந்திச்சா, அத்தயும் சேத்து வழிச்சிட்டானுங்க."

கோகிலவாணி முன்னால் வந்தாள். "ஐயா, இந்த எடத்து மண்ணு எந்தக் கழனிக்குப் போச்சு?"

"நாப்பது டிராக்டரு, பதினோரு நாளு ஓடிச்சும்மா. எது எங்க போச்சுன்னு டிராக்டருக்கே தெரியாது. அதுமேல எருவு போட்டு, உரம் போட்டு, ஓட்டி, மல்லாட்டைகூட வெதச்சாச்சு." அவர் கண்ணகியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "உங்கம்மா வந்து நின்னுச்சும்மா. கொழந்த கெடக்குது, அந்த மூலைய மட்டும் உட்டுடுங்கன்னு கெஞ்சிச்சு. ஜேசிபி டிரைவரும் எறங்கி வந்து பாத்தான். நாங்களும்தான் தேடுனோம். முள்ளும் இல்ல, கல்லும் இல்ல. புயல்ல எல்லாம் சாஞ்சி மூடிகிச்சி. எந்த எடம்னு உங்கம்மாவுக்கே காட்டத் தெரியல. இன்னா பண்றது? உங்கிட்ட சொல்லலியா அது?"

கண்ணகி இல்லை என்று தலையாட்டினாள். தையில் வந்து கல்லை நிமிர்த்தி நட்டிருந்தால் டிரைவர் கண்ணில் பட்டிருக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

 நாராயணசாமி மாட்டின் முதுகில் தட்டிவிட்டுக் கரையோடு போனார்.

"கொழந்தையா?" என்றாள் கோகிலவாணி.

"பத்தொம்போது நாளுக்கா. பொம்பளப் புள்ள. அன்னிக்கு வருஷ நாளு. அதான் ஓடையத் தாண்டல." கண்ணகி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பஸ்ஸில் கோத்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "பொதச்சி நாலு நாள் கழிச்சி ஆஸ்பத்திரிப் பேப்பரு வந்திச்சு. நாம தெனம் தட்டுல வளக்கறோமே, அந்தப் பேருதான் அதுல போட்டிருந்திச்சு. மொத கேட்டப்ப வேல பூடுமேன்னு பயந்துட்டேன். அப்புறம் மலையில நீங்க கடப்பாறையில தோண்டுனத பாத்துட்டு, வாய் வர்லக்கா."

கோகிலவாணி பள்ளத்துக்குள் இறங்கினாள். வெட்டுப்பட்ட சுவரைக் கையால் தடவிக்கொண்டே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். மேல்மண் எங்கும் மிச்சமில்லை. மஞ்சள் சரளையும் சுண்ணாம்புக் கல்லுமாக இருந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்து உள்ளங்கையில் நொறுக்கினாள். முகர்ந்தாள். கையை உதறினாள். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்குகிறதா என்று மேலிருந்து கண்ணகியால் பார்க்க முடியவில்லை. வெயிலில் கண் கூசியது.

"அக்கா" என்று கூப்பிட்டாள்.

கோகிலவாணி எழுந்து மேலே ஏறி வந்தாள். கண்ணகி கை நீட்டினாள். அதைப் பிடிக்காமல் வெட்டுச் சுவரின் கல்லைப் பிடித்து ஏறினாள். கடப்பாறைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கண்ணகியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.  திரும்பி, பஸ் சாலைக்குப் போகும் பாதையில் தனியாக நடந்து போனாள்.